ரங்கூன்–ஹேஹோ டிக்கெட் எடுக்கிறவர்கள் "ஒரு மணி நேரந்தான்" என்ற பேச்சை நம்பாதீர்கள்

போன வாரம் நமக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தவுஞ்ஜி போக டிக்கெட் விசாரித்திருக்கிறார். பர்மாவின் மலையூரான தவுஞ்ஜிக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்குவது ஹேஹோவில்தான். "டைரக்ட்டுண்ணே, ஒரு மணி நேரந்தான்" என்று பதில் வந்ததாம். 2019 தையில் எங்களிடம் சொன்னதும் இதே வார்த்தைதான். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் தம்பி பேத்திக்குத் தவுஞ்ஜியில் கல்யாணம். முகூர்த்தம் காலை 9 முதல் 10:30. கடையை விட்டு முதல் நாளே கிளம்ப முடியவில்லை. முகல் தெருப் பக்கத்து ஏஜென்ட் போனில் மேப்பைத் திறந்து காட்டினார்: ரங்கூனிலிருந்து ஹேஹோவுக்கு 430 கிலோமீட்டர், 6:30க்கு ஏறினால் 7:40க்கு இறங்கிவிடலாம். டைரக்ட் என்பதற்காக ஆளுக்கு 20,000 கியாட் அதிகம் வாங்கினார். கையில் கொடுத்தது புறப்படும் நேரம் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு.

விமானம் இறங்கியது பகான் பக்கத்திலுள்ள ஞாங்ஊவில். ஊர் வந்துவிட்டதென்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். பணிப்பெண் உட்காரச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அடுத்தது மண்டலே, அதற்கப்புறம்தான் ஹேஹோ.

இங்கே உள்நாட்டு விமானங்கள் பல இப்படிச் சுற்றி வருபவை. ரங்கூன்–ஞாங்ஊ சுமார் 490 கிலோமீட்டர், ஞாங்ஊ–மண்டலே 120, மண்டலே–ஹேஹோ 135. ஆக 430 என்று காட்டிய தூரம் 750 ஆகிவிட்டது. தூரத்தையாவது பொறுக்கலாம்; ஒவ்வொரு இடத்திலும் ஆள் இறங்கி, ஏறி, கதவு மூடி மறுபடி கிளம்ப இருபது, இருபத்தைந்து நிமிடம் போகிறது. மேப்பில் வரும் நேரம் இரண்டு ஊருக்கும் நேர்கோடு போட்டுக் கணக்கிட்டது. அதில் இந்த நிறுத்தம் எதுவும் சேராது.

ஹேஹோவில் கால் வைத்தபோது 9:25. அங்கிருந்து தவுஞ்ஜிக்கு மலைப்பாதை, காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி ஏறி, பந்தி நடந்துகொண்டிருந்தது. அட்சதை போடத்தான் அம்மா அந்த வயதில் விமானம் ஏறினார். அன்று முழுக்க அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

திரும்பி வந்து கேட்டேன். "விமானம் மாறாமத்தானே போனீங்க, அதுக்குப் பேர்தான் டைரக்ட்" என்றார் ஏஜென்ட். வார்த்தை அளவில் அது சரிதான். எங்கும் இறங்காமல் போவதற்கு நான்ஸ்டாப் என்று பெயர். ஆனால் 7:40 என்று சொன்னது பொய். கூடுதலாக வாங்கிய பணமும் அவர் பைக்குத்தான் போயிருக்கிறது. விமானக் கம்பெனி கவுன்ட்டரில் விசாரித்தபோது அப்படி ஒரு கட்டணமே இல்லை என்றார்கள். பணம் இன்றுவரை திரும்பவில்லை.

இன்னொன்று. நாங்கள் திரும்பியபோது ஹேஹோவிலிருந்து நேரே ரங்கூன், ஒரு மணி நேரச் சொச்சம். சுற்றின் கடைசிக் கட்டம் அது. அந்த நேரத்தைத்தான் போகிற பயணத்துக்கும் சொல்லி ஏஜென்ட் விற்றிருக்கிறார். எதிர்ச்சுற்றில் போகும் விமானமும் உண்டு; அதில் ஏறினால் ஹேஹோ முதலில் வரும், திரும்பும்போது சுற்ற வேண்டியிருக்கும்.

அண்ணனிடம் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறேன்: நடுவில் எத்தனை இடத்தில் இறங்கும் என்று கேளுங்கள், இறங்கும் நேரம் அச்சடித்த டிக்கெட்டைப் பார்க்காமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். அவர் தவுஞ்ஜியில் இருக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலையிலேயே கிளம்புகிறார்.