மஜ்ஜையா, கொழுப்பா? எலும்பு வளர்க்க எந்த ஸ்டெம் செல்

எலும்புத் திசுவை ஆய்வகத்தில் வளர்க்க இறங்குபவர்கள் முதல் மாதத்திலேயே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: அதற்கான ஸ்டெம் செல்லை, அதாவது வேறு திசுவாக மாறக்கூடிய செல்லை, உடம்பில் எங்கிருந்து எடுப்பது? நான் கொழுப்பில் தொடங்கி, ஒன்றரை வருடம் போன பிறகு எலும்பு மஜ்ஜைக்கு மாறியவன். இன்று முதலிலிருந்து தொடங்கச் சொன்னாலும் மஜ்ஜையைத்தான் எடுப்பேன்.

கொழுப்பை நான் முதலில் எடுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. மஜ்ஜையில் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் செல்லுக்கு ஒன்றுதான் நமக்கு வேண்டிய ஸ்டெம் செல். கொழுப்பில் அது பல மடங்கு அதிகம். அதுவும் லைப்போசக்‌ஷனில் உறிஞ்சிக் குப்பைக்குப் போகிற பொருள். திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியை ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, சென்டிரிஃபியூஜில் சுற்றினால் மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கும், அடியில் சிவப்பாக ஒரு பொட்டு தங்கும். அந்தப் பொட்டுதான் சரக்கு. ஒரே வாரத்தில் செல் வளர்க்கும் பிளேட் நிறைந்துவிடும். மஜ்ஜையிலோ நாலைந்து செல் திட்டுகள் கண்ணில் படவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

ஆனால் எண்ணிக்கை வேறு, எலும்பு வேறு. இங்கேதான் நான் நின்று பேச வேண்டும்.

செல்லை எலும்பாக்க எல்லோரும் ஊற்றுவது ஒரே கலவைதான்: டெக்ஸாமெத்தசோன், அஸ்கார்பிக் அமிலம், பீட்டா கிளிசரோபாஸ்பேட். 21 நாள் வைத்து அலிசரின் சாயம் போட்டால் பிளேட் சிவக்கும், அதையே எலும்பு வந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வோம். என் கொழுப்புச் செல்களும் அழகாகச் சிவந்தன. ஒரு முறை இன்குபேட்டரில் கோளாறாகி ஒரு பிளேட் முழுக்கச் செல்கள் செத்துப்போயின. கூட வேலை செய்த அக்கா அதைத் தூக்கிப்போட விடவில்லை. "இதுக்கும் சாயம் போட்டுப் பாரேன்" என்றார். அதுவும் திட்டுத்திட்டாகச் சிவந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அலிசரின் பிடிப்பது கால்சியத்தை. அது எலும்பிலிருந்து வந்ததா என்பது சாயத்துக்குத் தெரியாது. கலவையில் உள்ள பாஸ்பேட் உடைந்து கால்சியத்தோடு சேர்ந்தால் தானே படியும், செத்த செல்லும் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும். ஆக, நான் மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த சிவப்பில் எவ்வளவு எலும்பு, எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்ல வழியில்லை.

உண்மையான சோதனை, செல்லைச் செராமிக் துகள்களில் ஏற்றி, நோய் எதிர்ப்பு குறைந்த எலியின் தோலுக்கு அடியில் எட்டு வாரம் வைப்பது. பிறகு வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். என் கொழுப்புச் செல் வைத்த இடத்தில் துகளைச் சுற்றி நார்த்திசுதான் இருந்தது. மஜ்ஜைச் செல் வைத்த இடத்தில் துகளை ஒட்டி எலும்பு, அதற்குள்ளே எலியின் சொந்த ரத்தம் ஊறும் மஜ்ஜை வந்து குடியேறியிருந்தது. மஜ்ஜையை வேறு இடத்தில் வைத்தாலும் எலும்பு கட்டும் என்று சோவியத் விஞ்ஞானி ஃபிரீடன்ஸ்டைன் 1960களிலேயே காட்டியதுதான். 2016-இல் பவுலோ பியான்கோ, பமேலா ராபி குழுவினர் மஜ்ஜை, தசை உட்படப் பல இடத்துச் செல்களை ஒப்பிட்டார்கள். செல்லை அடையாளம் காண உதவும் மேற்பரப்புப் புரதக் குறிகள் ஒரே மாதிரி இருந்தும், மஜ்ஜைச் செல் எலும்பைக் கட்டியது, தசைச் செல் தசையைக் கட்டியது. சிடி73, சிடி90, சிடி105 என்ற குறிகள் மூன்றும் இருக்கிறது என்பதால் எல்லாம் ஒரே செல் என்று நம்பிவிடக் கூடாது.

நோயாளிகளிடம் கொழுப்புச் செல் பலன் தந்ததே என்பார்கள். தந்திருக்கிறது. 2004-இல் வெளியான ஜெர்மனிச் சிறுமியின் மண்டையோட்டுச் சிகிச்சையில் இடுப்பெலும்புத் துகளும் சேர்த்து வைத்தார்கள். 2009-இல் வெளியான பின்லாந்து மேல்தாடைச் சிகிச்சையில் எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-2 புரதமும் இருந்தது. கூட ஒரு கை கொடுத்தால் கொழுப்புச் செல்லும் வேலை செய்யும் என்றே நான் இவற்றைப் படிக்கிறேன்.

பல்லுக்குள் இருக்கும் பல்கூழ்ச் செல் வேகமாகப் பெருகும், ஆனால் எலியில் அது கட்டுவது பெரும்பாலும் பல்லின் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினைப் போன்ற திசு. முதிர்ந்த செல்லை மறுபடி ஸ்டெம் செல்லாக்கும், ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவின் முறையில் செய்யும் ஐபிஎஸ் செல்லை நான் பக்கத்து ஆய்வகத்தில் பார்த்ததோடு சரி. அளவில்லாமல் பெருகும் என்பது பெரிய வசதி, மாறாமல் மிச்சம் நிற்கும் செல் கட்டியாகும் பயமும் கூடவே உண்டு.

மஜ்ஜையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களிடம் செல் குறைவு. நாலைந்து பாசேஜுக்கு (பிளேட் நிறைந்ததும் செல்லைப் புதுப் பிளேட்டுக்கு மாற்றுவது) மேல் தள்ளினால் செல்கள் தட்டையாக விரிந்து சோர்ந்துபோகும். எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை 2005-இல் பிரான்சின் எர்னிகூ குழு காட்டியது: கூடாமல் நின்ற முழங்கால் கீழெலும்பு முறிவுக்கு 60 பேருக்கு அடர்த்தியாக்கிய மஜ்ஜையைச் செலுத்தினார்கள். 53 பேருக்குக் கூடியது. கூடாத 7 பேருக்குப் போன செல்கள் குறைவு.

அதனால் மஜ்ஜை எடுத்துத் தரும் டாக்டரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே துளையில் பத்து மில்லி உறிஞ்சாதீர்கள், ஓர் இடத்தில் இரண்டு மில்லி எடுத்துவிட்டு ஊசியை நகர்த்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் வருவது பெரும்பாலும் ரத்தம்.