பட்டன் உண்டு, காஜா இல்லை: கைக்குழந்தைக்காரர்கள் கவனிக்க வேண்டிய துணி மோசடி

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பெண்களே, முக்கியமாகக் கைக்குழந்தை வைத்திருப்பவர்களே, "டர்பனில் பல வருஷமாக நடத்திய எங்கள் சின்னக் கடையை மூடுகிறோம், கடைசித் தள்ளுபடி" என்று ஃபோனில் துணி விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படிப்பட்ட கடையில் 1,420 ராண்டுக்கு நான்கு உடைகள் வாங்கினேன். ஒன்றைக்கூடப் போட முடியவில்லை. பணம் கடைசியில் திரும்பி வந்தது. ஆனால் அது வந்த வழி வேறு, கடைக்காரர் சொன்ன வழி வேறு. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றபின் பீரோவைத் திறந்தால் எதுவுமே உதவாது. பழைய சுடிதார் மார்புப் பக்கம் பற்றாது. முதுகில் ஜிப் வைத்ததைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்க முடியாது. சிசேரியன் தழும்பின் மேல் எலாஸ்டிக் பட்டால் எரியும். கர்ப்பகாலத்து உடையோ தொளதொளவென்று தொங்கும். நாள் முழுக்க நைட்டியிலேயே இருந்தால் மனசும் சோர்ந்துபோகிறது. தடுப்பூசிக்குக் கிளினிக் போகவும், கோவிலுக்குப் போகவும், அப்புறம் வேலைக்குத் திரும்பவும் பார்க்க லட்சணமாக நாலு உடை வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரம் இல்லை. அதே சமயம் கையில் காசும் குறைவு. நான்கு மாத விடுப்பில் என் அலுவலகம் சம்பளம் தரவில்லை. யூஐஎஃப் என்ற அரசு வேலையின்மைக் காப்பீட்டு நிதி தருவது சம்பளத்தில் 66 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கடை கடையாக ஏறி இறங்க நேரமும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை.

இந்த நிலைமையை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அந்த விளம்பரத்தைச் செய்திருந்தார்கள். முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த பருத்திக் கவுன், "பால் கொடுக்கும் அம்மாக்களுக்காக ஓர் அம்மா வடிவமைத்தது", ஒன்று 355 ராண்ட், டெலிவரி இலவசம். விலை ராண்டில், அளவு இந்த நாட்டுக் கணக்கில் 34, 36, 38 என்று. இணைய முகவரி டாட் கோ டாட் இசட்ஏ என்று, தென்னாப்பிரிக்கத் தளம் போலவே முடிந்தது. 2011 முதல் டர்பனில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். சந்தேகப்பட எதுவுமே கண்ணில் படாதபடி அமைத்திருந்தார்கள்.

பார்சல் வரப் பல வாரம் ஆனது. உறையில் அனுப்பியவர் முகவரி சீனா. சுங்கச் சீட்டில் "பெண்கள் மேலாடை, 6 டாலர்" என்று இருந்தது. டர்பன் கடை டர்பனுக்குள் அனுப்பும் துணிக்குச் சுங்கச் சீட்டு எதற்கு?

உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். கவுனில் பட்டன் பட்டி இருந்தது, வரிசையாகப் பட்டனும் இருந்தது, ஆனால் காஜா இல்லை. இரண்டு துணியையும் சேர்த்துவைத்து மேலே பட்டனைத் தைத்துவிட்டார்கள். திறக்கவே வராது. பால் கொடுக்க என்று சொல்லி விற்ற உடை அது! தலை வழியாகப் போட்டால் தோளிலேயே நின்றுவிட்டது. நான் கேட்டது 38. வந்ததில் இரட்டை எக்ஸ்எல் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஆனால் 34 போடும் என் தங்கைக்கே அது இறுக்கிப் பிடித்தது. என்ன துணி, எந்த நாட்டில் செய்தது என்ற லேபிள் எதிலும் இல்லை. இந்த நாட்டில் விற்கும் துணியில் உற்பத்தி நாட்டைக் காட்டும் லேபிள் கட்டாயம்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி இங்கேயே பிறந்தவர். தமிழில் சில வார்த்தைதான் பேசுவார், ஆனால் இளம் வயதில் டர்பன் கார்மென்ட் ஃபேக்டரியில் மெஷினில் உட்கார்ந்தவர். ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, சிங்க் மேல் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், மெல்லிய சாம்பலாக உதிரும். இது சுருங்கி உருகிக் கறுப்புக் குண்டுமணியாக நின்றது. முழு பாலியஸ்டர். டர்பன் கோடையில், பிப்ரவரி மாதப் புழுக்கத்தில், மார்போடு குழந்தையை அணைத்துக்கொண்டு இதைப் போட முடியுமா?

படமெல்லாம் எடுத்து அன்றே கடைக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது, தேன் மாதிரி இனிப்பாக. 20 சதவீதம் திருப்பித் தருகிறோம், துணியை வைத்துக்கொள்ளுங்கள், தோழிக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்றார்கள். மாட்டேன் என்றதும் 30. அதற்கும் மாட்டேன் என்றதும் 45. முழுப் பணமும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றபோது, சொந்தச் செலவில் சீனாவுக்கு அனுப்புங்கள் என்றார்கள். அந்தக் கூரியர் செலவு துணி விலையையே தாண்டும். அதோடு, "சுகாதாரக் காரணத்தால் பால் கொடுக்கும் உடைகளைத் திரும்பப் பெறுவதில்லை" என்று ஒரு வரி, "ஆர்டருக்குப் பின் உங்கள் அளவுக்குத் தைத்தது" என்று இன்னொரு வரி. நம்மை அலுக்க வைப்பதுதான் அவர்கள் தொழில். இரவில் சரியாகத் தூங்காத பெண் எத்தனை தடவை பதில் எழுதுவாள் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது இதில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். விற்பவர் தன் உண்மையான முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைத் தளத்தில் போடவில்லை என்றால் ரத்து செய்ய 14 நாள் கிடைக்கும். இந்த உரிமை கிடையாது என்று கடை தன் விதிகளில் எழுதினாலும் அது செல்லாது. வாடிக்கையாளர் கொடுத்த அளவுக்கென்றே செய்த பொருளுக்கு விதிவிலக்கு உண்டு. "உங்கள் அளவுக்குத் தைத்தது" என்ற வரி எதற்கு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் அளவு நாடா எடுத்து எந்த அளவும் அனுப்பவில்லை, பட்டியலில் இருந்த 38ஐத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

பொருளே குறையுள்ளது என்றால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வலுவானது. ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அதுவும் விற்றவர் செலவில். சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், கடை சொல்லக் கூடாது. இங்குள்ள கடை ஏமாற்றினால் முதலில் கடையில் எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் ஓம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

ஆனால் சீனாவில் இருக்கும் பெயர் தெரியாத ஆளிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பணம் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. பணம் வந்தது வங்கி வழியாக. நான் கார்டில் கட்டியிருந்தேன். கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் முறைக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். வங்கிக்கு ஃபோன் செய்தபோது எடுத்தவர், "பொருள் கைக்கு வந்துவிட்டதே, ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அது சரியல்ல. விவரித்தபடி இல்லாத பொருள் என்பதும் சார்ஜ்பேக்குக்கு ஏற்ற காரணம்தான். கார்டுப் பணத் தகராறுகளைப் பார்க்கும் டிஸ்ப்யூட் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் மெயில், சீன முகவரி உள்ள உறை, காஜா இல்லாத பட்டன் பட்டியின் கிட்டப் படம், கடையோடு நடந்த கடிதங்கள், எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்பினேன். பல வாரம் கழித்து முழுத் தொகையும் வந்தது. ஒன்று கவனியுங்கள்: 45 சதவீதத்துக்குச் சரி என்று எழுதிவிட்டால், பேசி முடித்துக்கொண்டார்கள் என்று வங்கியிடம் காட்ட அந்தக் கடிதமே அவர்களுக்குப் போதும். எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், நாளைக் கடத்தவும் விடாதீர்கள். சார்ஜ்பேக்குக்குக் கெடு உண்டு.

ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் என் தோழி அதே தளத்தில் இஎஃப்டி, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பும் முறை மூலம் கட்டினாள், அப்படிக் கட்டினால் 10 சதவீதம் குறைவு என்று போட்டிருந்ததால். வங்கியிலிருந்து நேராகப் போன பணத்துக்குச் சார்ஜ்பேக் கிடையாது. அவளுக்கு ஒரு ராண்டும் திரும்பவில்லை. இஎஃப்டிக்கு மட்டும் தள்ளுபடி என்று முகம் தெரியாத கடை சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அவளுக்கு இன்னொன்றும் நடந்தது. பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, லிங்கைத் தட்டிச் சின்னத் தொகை கட்டுங்கள் என்று எஸ்எம்எஸ். வெளிநாட்டுத் துணிக்குச் சுங்கவரி உண்டுதான், சாதாரண விகிதம் 45 சதவீதம். 2024 செப்டம்பரிலிருந்து 500 ராண்டுக்குக் குறைவான பார்சலுக்கும் 15 சதவீத வாட் உண்டு. அதனாலேயே இந்த மாதிரி எஸ்எம்எஸ் நம்பும்படி இருக்கிறது. லிங்கைத் தொடாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

புதுக் கடையில் வாங்கும் முன் குழந்தை தூங்கும் நேரத்தில் செய்துவிடக்கூடிய சோதனைகள் உண்டு. உடையின் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால், அதே படம் வேறு பெயரில் வேறு தளங்களில் கிடக்கிறதா என்று தெரியும். டாட் கோ டாட் இசட்ஏ என்பதை மட்டும் நம்ப வேண்டாம், எந்த நாட்டில் இருப்பவரும் அதை வாங்கலாம். ஹூஇஸ் தேடலில் அந்த முகவரி எப்போது பதிவானது என்று பார்க்கலாம். 2011 முதல் இருப்பதாகச் சொன்ன கடையின் இணைய முகவரி, நான் பார்த்தபோது, சில மாதம் முன்புதான் பதிவாகியிருந்தது. கடை முகவரியும் ஃபோன் எண்ணும் இல்லாத, மெயில் மட்டும் உள்ள கடைக்கு ஒரு ராண்டும் அனுப்பாதீர்கள்.

சரி, துணிக்கு என்ன செய்வது? நான் இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்று சொல்கிறேன். புதிதாக வாங்குவதைவிட இருப்பதை மாற்றுவது மலிவு. ஆண்ட்டி என் பழைய டாப்களின் பக்கத் தையலைப் பிரித்து, பற்றாத இடத்தில் துணி வைத்து அகலமாக்கி, மார்புக்கு நேரே இரு பக்கமும் வெளியே தெரியாத ஜிப் வைத்துத் தந்தார். ஊரில் ஃபீடிங் குர்தி என்று விற்பதும் இதே அமைப்புதான். வெளியில் ஆபீஸ் உடை மாதிரியே தெரிகிறது. புதிதாகத் தைக்க, கிரே ஸ்ட்ரீட்டில் பருத்தி மீட்டர் கணக்கில் எடுத்தேன். அந்தத் தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று பெயர், ஆனாலும் எல்லோரும் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள். தொட்டுப் பார்த்து, கசக்கிப் பார்த்து வாங்கலாம்.

தயார் உடைக்கு மிஸ்டர் பிரைஸ், பெப் மாதிரி கடைகளில் ஆண்கள் பகுதிக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பருத்திச் சட்டை, முழுப் பட்டன், தொளதொளப்பு போதுமானது. உள்ளே கீழிறக்கக்கூடிய ஒரு பனியன், மேலே திறந்த சட்டை, இடுப்புக்கு அகலப்பட்டி வைத்த பேன்ட். இதையே நிறம் மாற்றி மாற்றிப் போடுகிறேன், நன்றாகவே இருக்கிறது. ட்ரையல் ரூமில் ஒரு கையில் கைப்பையைக் குழந்தை போலத் தூக்கிக்கொண்டு, மறு கையால் மட்டும் பட்டனைத் திறந்து பாருங்கள். அதில் தேறாத உடை வீட்டில் பயன்படாது. நேரில் வாங்கியது வெறுமனே அளவு சரியில்லை என்றால் திரும்ப வாங்கச் சட்டப்படி கடைக்குக் கட்டாயம் இல்லை. எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டுவிட்டு, ஸ்லிப்பைப் பத்திரமாக வையுங்கள்.

மூடுகிறோம் என்று சொன்ன அந்தக் கடை இன்னும் வியாபாரம் செய்கிறது. பெயர் மாறிவிட்டது, ஊர் இப்போது கேப் டவுன், ஆனால் படங்கள் அதேதான். பாசிப்பச்சைக் கவுன் போட்ட பெண் மரப் படிக்கட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருப்பாள், கவுனில் வெள்ளைப் பட்டன், காலரின் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். அந்தப் படம் வந்தால் மோசடி விளம்பரம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். ஏற்கெனவே கார்டில் கட்டியவர்கள் இன்றைக்கே வங்கியைக் கூப்பிடுங்கள்.