ஹாஷ் முகவரியா, நேர்ப் பாதையா? சிங்கிள் பேஜ் ஆப்பில் ரௌட்டிங் பற்றி ஓர் அலசல்

ஜாவாஸ்கிரிப்டில் சிங்கிள் பேஜ் ஆப் (ஒரே கோப்பை ஏற்றிவிட்டு, மற்றப் பக்கங்களை பிரவுசரிலேயே வரையும் ஆப்) எழுத உட்காரும் எவரும் முதல் நாளே ஒரு தீர்மானம் எடுத்துவிடுகிறார்கள், பல சமயம் எடுத்தோம் என்றே தெரியாமல். 42ஆம் ஆர்டரின் முகவரி /#/ஆர்டர்/42 என்று இருக்கப்போகிறதா, /ஆர்டர்/42 என்று இருக்கப்போகிறதா என்பதுதான் அது. முன்னது ஹாஷ் (# குறி) முறை, பின்னது பாதை முறை. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று முடிவுசெய்யும் ரௌட்டரின் கோப்பில் ஒரே ஒரு வரி. ஜாவாஸ்கிரிப்ட் ஆப் கட்டும் கருவிகளில் ஒன்றான வியூவின் ரௌட்டர் 3ஆம் பதிப்பில் எதுவும் சொல்லாமல் விட்டால் ஹாஷ் வரும். ஆங்குலரில் சொல்லாமல் விட்டால் பாதை வரும். ரியாக்ட் ரௌட்டரில் பிரவுசர் ரௌட்டர், ஹாஷ் ரௌட்டர் இரண்டில் ஒன்றை நாமே எடுத்துப் போட வேண்டும். எடுத்துப் போடும்போது யோசிப்பவர்கள் குறைவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வரைத் தொட்டு அமைக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் நேர்ப் பாதை. இல்லையென்றால் ஹாஷ், அதில் தயங்க எதுவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

# குறிக்குப் பின்னால் நடப்பது

ஒரு முகவரியில் # குறிக்குப் பின்னால் வரும் எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதில்லை. /#/ஆர்டர்/42 என்று தட்டினால் சர்வர் காதில் விழுவது வெறும் / மட்டும்தான். முகப்புக் கோப்பு வரும், ஜாவாஸ்கிரிப்ட் ஏறும், அது # குறிக்குப் பின்னால் இருப்பதைப் படித்து ஆர்டர் பக்கத்தை வரையும். ஹாஷ் முறையின் எல்லா நன்மைகளும் எல்லாத் தொல்லைகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

நன்மை என்னவென்றால், சர்வரில் எதையும் மாற்ற வேண்டாம். எந்தப் பக்கத்தில் ரிஃப்ரெஷ் அடித்தாலும் வேலை செய்யும். ஒரு ஃபோல்டரில் போட்டு நேரடியாகத் திறந்தாலும் ஓடும். பழைய பிரவுசர்களிலும் ஓடும்: ஹாஷ் மாறியதைச் சொல்லும் ஹாஷ்சேஞ்ச் நிகழ்வு 2009இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8இலேயே இருந்தது. பாதையை மாற்ற உதவும் புஷ்ஸ்டேட் அந்த பிரவுசரில் வந்ததோ 2012இல், 10ஆம் பதிப்போடு. 2010இல் வெளியான பேக்போன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் எதுவும் சொல்லாவிட்டால் ஹாஷையே எடுத்துக்கொண்டதும், புஷ்ஸ்டேட்டைக் கேட்டால் மட்டும் தந்ததும் இந்த இடைவெளியால்தான்.

தொல்லைகள் மெதுவாகத்தான் தலைகாட்டும். ஆர்டர் பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கீழே வரும் முன்னோட்டம் முகப்புப் பக்கத்துடையதாக இருக்கும், ஏனென்றால் முன்னோட்டம் தயாரிக்கப் போகும் நிரல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. சர்வர் தருவதை மட்டும் படிக்கும். எந்த லிங்க்கை அனுப்பினாலும் அதே படம், அதே தலைப்பு. சர்வர் லாகை (வந்த கோரிக்கைகளின் பதிவேட்டை) திறந்தால் எல்லா வரியிலும் /தான். எந்தப் பக்கத்தை யார் பார்த்தார் என்று அங்கே தேடிப் பயனில்லை. லாகின் முடிந்ததும் பயனர் கேட்ட பக்கத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்றால், அவர் கேட்டது எது என்று சர்வருக்குத் தெரியாது. வேறொரு தளத்தின் கணக்கைக் கொண்டு லாகின் செய்ய உதவும் ஓஆத்தின் இம்ப்ளிசிட் முறையில் டோக்கன் (அனுமதிச் சீட்டு) # குறிக்குப் பின்னால்தான் திரும்பி வரும். ஹாஷ் ரௌட்டர் அதை ஏதோ ஒரு பக்கத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு "பக்கம் இல்லை" என்று காட்டும். நீண்ட கட்டுரைக்குள் ஒரு பகுதிக்குத் தாவ # வைப்போமே, அந்த வசதியையும் ரௌட்டரே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

#! காலம்

இந்தத் தொல்லைகளைப் பெரிய தளங்களே அனுபவித்திருக்கின்றன. ஹாஷ் முகவரிகளைத் தேடுபொறியால் படிக்க முடியாததால் 2009இல் கூகுள் ஒரு திட்டம் சொன்னது: # குறியோடு ஆச்சரியக்குறியைச் சேர்த்து #! என்று எழுதுங்கள், அதைக் கண்டால் எங்கள் நிரல் அந்த முகவரியை வேறு வடிவில் மாற்றி உங்கள் சர்வரிடம் கேட்கும், நீங்கள் முழுப் பக்கத்தையும் தயாரித்துக் கொடுங்கள் என்று. 2010இல் மாற்றியமைக்கப்பட்ட ட்விட்டர் அந்த வழியில் போனது. 2011 பிப்ரவரியில் கிசுகிசுச் செய்தி நிறுவனமான காக்கர் தன் தளங்களை #! முறைக்கு மாற்றிய கையோடு ஜாவாஸ்கிரிப்ட் பழுதானதில், தளத்துக்கு வந்தவர்களுக்கு உள்ளடக்கமே தெரியாமல் போனது.

ட்விட்டர் 2012இல் பின்வாங்கியது. சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்பத் தொடங்கியதால் பக்கம் ஏறும் நேரம் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அவர்களே எழுதினார்கள். காரணம் புரிந்துகொள்ள எளிதானது. ஹாஷ் முறையில் முகப்புக் கோப்பு வந்து, ஜாவாஸ்கிரிப்ட் முழுதும் இறங்கி, அது ஹாஷைப் படித்த பிறகுதான் எந்தத் தகவல் வேண்டும் என்ற கேள்வியே பிறக்கிறது. பாதை முறையில் முதல் கோரிக்கையிலேயே சர்வருக்கு அது தெரிந்துவிடுகிறது. 2015 அக்டோபரில் கூகுளும் தன் பழைய பரிந்துரையைக் கைவிட்டது.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பாதை முறைக்கு மாறிவிட்டதாலேயே பக்கம் வேகமாகிவிடாது. எல்லாவற்றையும் பிரவுசரே வரைந்தால், ஜாவாஸ்கிரிப்ட் ஏறாத அன்று பாதை முறை ஆப்பும் வெள்ளையாகத்தான் நிற்கும். சர்வர் பின்னாளில் உதவிக்கு வர இடம் வைத்திருப்பதுதான் பாதையின் லாபம். ஹாஷ் அந்த இடத்தை மூடிவிடுகிறது.

பாதைக்குக் கொடுக்கும் விலை

பாதை முறையில் ஆப்புக்குள்ளே லிங்க்கை அழுத்திப் போகும்வரை எல்லாம் சுகம். புஷ்ஸ்டேட் முகவரிப் பட்டையை மாற்றும், சர்வரைக் கூப்பிடாது. /ஆர்டர்/42இல் நின்று ரிஃப்ரெஷ் அடித்தால்தான் பிரச்சினை: அந்தப் பெயரில் சர்வரில் கோப்பு எதுவும் இல்லை, "கிடைக்கவில்லை" என்று சொல்லும் 404 எண் வருகிறது. இதற்குத் தீர்வு எல்லோருக்கும் தெரியும். கேட்ட கோப்பு இருந்தால் கொடு, இல்லையென்றால் முகப்புக் கோப்பைக் கொடு என்று என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ட்ரை ஃபைல்ஸ் வரி ஒன்றை எழுதுவார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

முடியவில்லை. முகப்புக் கோப்பில் ஸ்கிரிப்டின் இடத்தை முன்னால் / போடாமல் வெறும் பெயராக எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முகப்பிலிருந்து வருபவருக்கு எந்தக் குறையும் இல்லை. /ஆர்டர்/42 லிங்க்கை நேரே திறப்பவருடைய பிரவுசரோ அந்த ஸ்கிரிப்டை /ஆர்டர்/ என்ற ஃபோல்டருக்குள் தேடும். அங்கே அது இல்லை. நாம் எழுதிய விதிப்படி சர்வர் முகப்புக் கோப்பையே, அதுவும் 200 என்ற வெற்றி எண்ணோடு, அனுப்பிவைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வரும் என்று காத்திருந்த பிரவுசர் முதல் எழுத்தாக < குறியைப் பார்த்து, "எதிர்பாராத குறி" என்று கன்சோலில் சிவப்பாக ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். திரை வெள்ளை. புதுப் பதிப்பு ஏற்றிய அன்று, பழைய பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தவர் இன்னொரு பகுதிக்குப் போனாலும் இதே கதைதான்: அவருடைய பக்கம் கேட்கும் பழைய ஸ்கிரிப்ட் கோப்பு அழிந்திருக்கும், பதிலுக்கு முகப்பு வரும்.

ஆகவே விதியை முழுதாக எழுதுங்கள். ஸ்கிரிப்ட், படம், ஸ்டைல் இருக்கும் ஃபோல்டருக்கு இந்தச் சலுகை வேண்டாம். அங்கே இல்லாத கோப்புக்கு 404தான் வர வேண்டும். கோப்புகளின் இடத்தை / வைத்துத் தொடங்குங்கள். ஆங்குலர் கேட்கும் பேஸ் டேகும் (வெறும் பெயராக எழுதிய முகவரிகளை எங்கிருந்து தேட வேண்டும் என்று சொல்லும் வரி) இதே குறையைத் தீர்க்கும். ஆனால் அது இருக்கும்போது வெறும் # வைத்து எழுதிய உள்பக்க லிங்க்குகள் முகப்புக்கு ஓடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு விலை, போலி வெற்றி. இல்லாத ஆர்டர் முகவரிக்கும் சர்வர் 200 சொல்லும். "பக்கம் இல்லை" என்று திரையில் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே. தேடுபொறிக்கு இது குழப்பம். கோப்புகளை அப்படியே வெளியிட இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் நிலைமை தலைகீழ்: அங்கே சர்வர் விதி எழுத முடியாததால் 404 பக்கத்தின் இடத்தில் முகப்பின் நகலை வைக்கும் வழக்கம் உண்டு. பக்கம் சரியாகத் தெரியும், எண் மட்டும் 404 என்றே போகும். விளையாட்டாகச் செய்யும் தளத்துக்கு அது பரவாயில்லை. தேடலில் வர வேண்டிய தளத்துக்கு அது சரிவராது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தத் தந்திரத்தைவிட ஹாஷே நேர்மையானது என்பேன். குறைந்தபட்சம் முகப்பாவது சரியான எண்ணோடு போய்ச் சேரும்.

தமிழில் பாதை வைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் (எழுத்துக்கோ, எழுத்தின் மேல் சேரும் குறிக்கோ தரப்பட்ட எண்) 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % குறியோடு 3 எழுத்தாக விரியும். "தமிழ்" என்பதில் 5 குறியெண்கள் இருப்பதால் நகலெடுத்து ஒட்டினால் 45 எழுத்து. பாதையிலும் ஹாஷிலும் இதே விரிவுதான். ஆனால் ஹாஷில் கூடுதலாக ஒரு வரலாறு உண்டு: ஒரு காலத்தில் ஃபயர்ஃபாக்ஸ் ஹாஷை மட்டும் தானே அவிழ்த்துக் கொடுத்தது, அதைத் தவிர்க்க முழு முகவரியிலிருந்து ஹாஷைப் பிரித்தெடுக்கும் வரி பேக்போன் நிரலிலேயே இருக்கிறது.

எப்போது ஹாஷ்?

வெப் நிரலைக் கொண்டு கணினி ஆப் கட்டும் எலக்ட்ரானில், ஆப் கோப்பிலிருந்து நேரே ஓடும்போது புஷ்ஸ்டேட்டை நம்ப முடியாது; ஹாஷ் போடுங்கள். ரௌட்டர் பெட்டி, கேமரா போன்ற கருவிகளுக்குள் இருக்கும் நிர்வாகப் பக்கத்துக்கு, வாடிக்கையாளர் தன் சர்வரில் எந்த ஃபோல்டரில் வைப்பார் என்று தெரியாத ஆப்புக்கு, ஹாஷ்தான் சரி. ஜிமெயில் இன்றும் ஹாஷில்தான் ஓடுகிறது. அங்கே தேடுபொறிக்கும் முன்னோட்டத்துக்கும் வேலையில்லை, அதனால் குறையும் தெரிவதில்லை. முகவரிப் பட்டையையே தொடாத நினைவக ரௌட்டர் மூன்றாவது வகை. சோதனை எழுதவும், இன்னொரு பக்கத்துக்குள் பதிக்கும் சிறு பகுதிக்கும் அது போதும்.

2022இல் குரோம் 102இல் பக்கம் மாறுவதைக் கையாள பிரவுசரே தரும் நேவிகேஷன் ஏபிஐ வந்தது. லிங்க் அழுத்துவது, பேக் பட்டன், படிவம் அனுப்புவது எல்லாம் ஒரே நிகழ்வாக வந்து விழும். புஷ்ஸ்டேட் செய்தால், பேக் பட்டனுக்கு வரும் பாப்ஸ்டேட் நிகழ்வு வராது என்ற பழைய எரிச்சல் அதில் இல்லை. ரௌட்டர் எழுதுவோரின் வேலையை அது குறைக்கும். ஆனால் பாதை முகவரிக்கு சர்வர் விதி வேண்டும் என்ற கணக்கை அது மாற்றவில்லை.

ஏற்கெனவே ஹாஷில் இருந்து பாதைக்கு மாற நினைப்பவர்களுக்கு: பழைய லிங்க்குகளை சர்வரால் திருப்பிவிட முடியாது, அதற்கு அவை தெரியவே தெரியாது. முகப்புக் கோப்பில், ரௌட்டர் கிளம்பும் முன்பே, முகவரி #/ என்று தொடங்கினால் அதைப் பாதையாக மாற்றும் சில வரிகளை எழுதி வையுங்கள். புஷ்ஸ்டேட் வேண்டாம், பிரவுசர் வரலாற்றில் புதிதாகச் சேர்க்காமல் நடப்பு முகவரியையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட் போடுங்கள். இல்லையென்றால் பேக் பட்டனை அழுத்துபவருக்கு ஒரே பக்கம் இருமுறை வரும். அந்த வரிகளை எப்போதும் எடுக்காதீர்கள். யாருடைய புக்மார்க்கில் எந்தப் பழைய லிங்க் இருக்கிறது என்று உங்கள் லாக் ஒருநாளும் சொல்லாது.