சிங்க்திங்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

வீட்டில் என்னுடைய விண்டோஸ் கணினி, மனைவியின் லேப்டாப், அலமாரி மேல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் மின்ட் போட்ட பழைய லேப்டாப். மூன்றுக்கும் நடுவே கோப்புகளைப் பகிர சில வருடங்களாக சிங்க்திங்தான். தேர்ந்தெடுத்த ஃபோல்டரை எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் இலவச, திறந்த மூல மென்பொருள். எங்கேயும் கணக்குத் தொடங்க வேண்டாம்.

விண்டோஸில் ஃபோல்டரைப் பகிரும்போது பாஸ்வேர்டு கேட்பதை அணைத்து, 'எவ்ரிஒன்' என்று கொடுத்துவிட்டால், வைஃபை பாஸ்வேர்டு வாங்கிய விருந்தாளியும் உள்ளே வரலாம். சிங்க்திங்கில் அந்தக் குறுக்குவழியே கிடையாது. ஒவ்வொரு கணினிக்கும் 56 எழுத்துகளில் ஓர் அடையாளம். பயப்பட வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்தால் அது திரையிலேயே வந்துவிடும், தொட்டால் போதும். இங்கே சேர்த்ததும் அங்கே சம்மதம் கேட்கும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மறுபடி தனியாகக் கேட்கும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், ஆனால் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே தேவையில்லை என்றால் செட்டிங்ஸில் குளோபல் டிஸ்கவரி (இணையம் வழியாகக் கணினிகளைத் தேடுவது), ரிலே (நேரடி இணைப்பு கிடைக்காதபோது வெளி சர்வர் வழியாக அனுப்புவது) இரண்டையும் அணைத்துவிடலாம்.

இது பேக்கப் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கணினியில் அழித்தால் மற்றதிலும் அழியும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பும் அப்படியே நகலாகும். ஒரு கணினியை மாற்றங்களை வாங்க மட்டும் செய்யும் 'ரிசீவ் ஒன்லி'யில் வைத்தாலும் வருகிற அழிப்பை அது ஏற்றுக்கொள்ளும். அதனால் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் ஃபைல் வெர்ஷனிங்கைக் கட்டாயம் போடுங்கள். நான் பழைய லேப்டாப்பில் 'ஸ்டேக்கர்டு' என்ற வகையை வைத்திருக்கிறேன்: முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, அடுத்து 30 நாள் வரை தினம் ஒன்று, அப்புறம் வாரம் ஒன்று என்று பழைய பிரதிகளைக் கழித்துக்கொண்டே வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேறு கணினியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டும்தான் பழைய பிரதி சேமிக்கப்படும். என் கணினியில் நானே அழித்ததை அதே கணினியில் தேடினால் கிடைக்காது, பழைய லேப்டாப்பில் '.எஸ்டிவெர்ஷன்ஸ்' என்ற மறைவு ஃபோல்டரில்தான் இருக்கும்.

மாதச் செலவுக் கணக்கு எக்செல்லை மனைவியும் நானும் ஒரே நேரத்தில் திறந்து சேமித்தால் இரண்டையும் அது ஒன்றாக்காது. ஒன்றின் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று தேதியோடு சேர்த்துப் பக்கத்தில் வைத்துவிடும். எது சரி என்று உட்கார்ந்து பார்ப்பது நம் வேலை. "நீங்க மூடினீங்களா?" என்று அடுத்த அறைக்குக் குரல் கொடுப்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதில் குறையே இல்லை. லினக்ஸில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ வைத்துப் பெயரிட்ட கோப்பு விண்டோஸுக்குப் போகாது, 'அவுட் ஆஃப் சிங்க்' என்று நிற்கும். பெயரை மாற்றினால் சரி. முதல் தடவை நகலெடுக்கும்போது லேன் கேபிள் மாட்டுங்கள், பழைய வைஃபையில் விடிய விடிய ஓடும்.

சினிமா, பாட்டுக்கு இது வேண்டாம். ஒவ்வொரு கணினியிலும் முழுப் பிரதி உட்காரும், 256 ஜிபி லேப்டாப் என்ன ஆகும்? அவற்றைப் பழைய லேப்டாப்பிலேயே விட்டு, லினக்ஸ் ஃபோல்டரை நெட்வொர்க்கில் மற்ற கணினிகளுக்குத் திறந்துவிடும் சாம்பா மென்பொருளில் தனி யூசர், பாஸ்வேர்டு போட்டு, படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன்.