பெடல்போர்டு வயரிங் என்ற பெயரில் நடந்தது: வடசென்னை கிட்டார்காரர்கள் கவனத்துக்கு

வடசென்னையில் கிட்டார் வாசிப்பவர்களும், சர்ச் குழுவிலும் கச்சேரி ட்ரூப்பிலும் வாசிக்கிற பிள்ளைகளின் வீட்டாரும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகளான பெடல்களைக் கொடுத்தால் ஒரே போர்டில் பொருத்தி, வயரிங் முடித்து, ஆம்போடு (ஆம்ப்ளிஃபையர்) சேர்த்து செட் பண்ணித் தருகிறோம் என்று சொல்லும் கடை ஒன்றில் என் அக்கா மகனை ஏமாற்றியிருக்கிறார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. உயிருக்கு ஆபத்தான வேலையைச் செய்து, அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

பையன் ராயபுரத்தில் சர்ச் குழுவில் வாசிக்கிறான், பாடவும் செய்கிறான். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ட்யூனர், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஒலியை அடர்த்தியாக்கும் கோரஸ், எதிரொலி தரும் டிலே, ரிவர்ப் என்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்திருந்தான். ஆம்பும் நல்ல ஆம்ப், பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடல்களைச் சேர்க்கும் இணைப்பு) உள்ளது. கடைக்காரர், "ஐசொலேட்டட் பவர் சப்ளை போட்டாத்தான் தம்பி சவுண்டு சுத்தமா வரும்" என்றிருக்கிறார். ஒவ்வொரு பெடலுக்கும் கரெண்டைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அவர் சொன்னது உண்மைதான். அந்த சப்ளைக்கு மட்டும் 9,000 ரூபாய், வயரிங் கூலி தனி.

வீட்டுக்குக் கொண்டுவந்து டிஸ்டார்ஷனை மிதித்ததும் கொசு ரீங்காரம்போல மெல்லிய கீச்சொலி கேட்டிருக்கிறது. கார்டு (chord) பிடித்தால் எந்த ஸ்வரமும் தனியாகத் தெரியாமல் கொழகொழவென்று வந்திருக்கிறது. போன் செய்தால், "உங்க ஏரியா லைனே அப்படித்தான்பா, கரெண்ட் மோசம்" என்று பதில். மறுபடி கேட்டபோது, "காசிமேட்டு கடல் காத்து பட்டு ஜாக்கு பூத்திருக்கும்" என்றார்கள். கடலோரத்தில் ஜாக்கில் பச்சை பூப்பது உண்மை. ஆனால் இவை பிரித்து மாதம்கூட ஆகாத கேபிள்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். இந்தப் பக்கத்து ஆட்களிடம் எதை விற்றுக் கெடுத்தாலும் பழியை நம் ஏரியா மேலேயே போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் எத்தனையோ வீடுகளில், சர்ச்சுகளில் நான் வாசித்திருக்கிறேன். லைன் காரணமாக டிலே பெடல் கீச்சிட்டு நான் கேட்டதில்லை.

கடைசியில் ஆம்பையும் கொண்டுவரச் சொல்லி, 'எர்த் ப்ராப்ளம்' என்று ஏதோ செய்து திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கீச்சொலி போகவில்லை. அடுத்த பிராக்டிஸில் பாடுவதற்காக மைக்கில் வாயை வைத்தவனுக்கு உதட்டில் சுருக்கென்று ஷாக். "மாமா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டான்.

ஆம்பின் பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புது த்ரீ பின் பிளக் மாட்டியிருந்தார்கள். வெளியே பார்த்தால் மூன்று பின்னும் பளபளவென்று இருந்தன. ஸ்க்ரூவைக் கழற்றினேன். சிவப்பும் கருப்பும் அதனதன் இடத்தில் இருந்தன. பச்சை ஒயரை மட்டும் ஒட்ட நறுக்கி, நுனியில் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, ஓரமாக மடித்து விட்டிருந்தார்கள். மேலே இருக்கும் பெரிய எர்த் பின் எதோடும் சேராமல் சும்மா நின்றது.

இதன் விளைவு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கிட்டார் கம்பிகள் கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும், சட்டம் எர்த்தில் இருக்கும். உள்ளே லைவ் ஒயர் எங்காவது சட்டத்தில் பட்டால் எர்த் வழியாக மின்சாரம் பாய்ந்து ஃப்யூஸ் போகும், அதோடு முடிந்தது. எர்த்தை வெட்டிவிட்டால் அந்த 230 வோல்ட்டும் கம்பியில் வந்து காத்திருக்கும். கை கம்பியிலும் உதடு எர்த் ஆன மைக்கிலும் பட்டால் நடுவில் இருப்பது உடம்பு. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்ஸீ மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கித்தான் இறந்தார். ஆம்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே எர்த் லூப்பால் (இரண்டும் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால்) 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால், எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்துப் பார்க்கலாம், டிஐ பாக்ஸில் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டலாம். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டைத்தான் பிரிக்கும். மெயின் எர்த்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

அப்புறம் போர்டைக் கவிழ்த்தேன். வெல்க்ரோவில் ஒட்டிய கருப்புப் பெட்டியின் மேல் 'ஐசொலேட்டட்' என்று அச்சடித்திருந்தது. பிளக்கைப் பிடுங்கி, பெடல் ஒயர்களை எல்லாம் கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இரண்டு முனைக்கு நடுவே இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, முதல் அவுட்புட்டின் நடு ஊசியில் ஒரு முனை, இரண்டாவதின் நடு ஊசியில் மறுமுனை. பீப் என்றது. எல்லா அவுட்புட்டிலும் பீப். நிஜமாகவே தனித்தனியாகப் பிரித்த சப்ளையாக இருந்தால் சத்தமே வரக் கூடாது. உள்ளே எல்லாம் ஒரே கோட்டில் சேர்ந்த சாதாரண விநியோகம்தான். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் கரெண்ட் பிரிக்கும் சில நூறு ரூபாய் டெய்ஸி செயின் கேபிள் செய்யும் அதே வேலையை 9,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். டிலே, ரிவர்ப் போன்ற டிஜிட்டல் பெடல்களின் உள் இரைச்சல் பொதுவான பவர் ஒயர் வழியாக டிஸ்டார்ஷனுக்குள் ஏறி, அங்கே பல மடங்கு பெருகும். அந்தக் கீச்சொலி அதுதான். டிலேவுக்கு மட்டும் தனி 9 வோல்ட் அடாப்டர் போட்டதும் நின்றுவிட்டது. அதே வீடு, அதே லைன்.

பெடல் வரிசையும் தலைகீழ். பெரும்பாலான பெடல்களில் இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம். ஆகவே சிக்னல் வலமிருந்து இடமாகப் போகும். பொருத்தியவர் ட்யூனர், ஓவர்டிரைவ் என்று நாம் படிக்கிறபடி இடமிருந்து அடுக்கி, பக்கத்துப் பக்கத்து ஜாக்குகளைச் சின்ன பேட்ச் கேபிளால் இணைத்துவிட்டார். விளைவு, கிட்டார் முதலில் ரிவர்ப்புக்குள் போய், டிலே, கோரஸ் எல்லாம் கடந்து கடைசியில் டிஸ்டார்ஷனுக்கு வருகிறது. மெல்ல மங்க வேண்டிய எதிரொலிகளை டிஸ்டார்ஷன் நசுக்கி ஒரே அளவில் தூக்கிவிடும். கொழகொழப்புக்குக் காரணம் இதுவே. ஷூகேஸ் (shoegaze) என்ற ராக் பாணிக்காக ரிவர்ப்பை வேண்டுமென்றே முன்னால் வைப்பவர்கள் உண்டு. ஆராதனைப் பாட்டுக்கு வாசிக்கிற பையன் அதைக் கேட்கவில்லை. ட்யூனர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் ஆம்பின் முன் இன்புட்டுக்கும், கோரஸ், டிலே, ரிவர்ப் பின்பக்க லூப்பின் சென்ட் (சிக்னல் வெளியே போகும் ஜாக்), ரிட்டர்ன் (திரும்பி வரும் ஜாக்) நடுவிலும் மாற்றினேன். அவன் ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனையும் பயன்படுத்துவான். அது லூப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுவதால் எதிரொலி சுத்தமாக வருகிறது. மாற்றி வைக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

கடையில் போய்க் கேட்டதற்கு, பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம், வேண்டுமானால் வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிளக் பற்றிக் கேட்டதும், "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் கடைக்காரர். அவர்கள் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச் சீட்டு. அதில் 'பவர் பாக்ஸ்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் வாங்கும்போது ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள், 'ஐசொலேட்டட்' என்ற சொல்லும் மாடலும் அதில் இருக்கட்டும். கடையில் வைத்தே மல்டிமீட்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

ஜிபே பதிவு, பிளக்கின் படங்கள், மீட்டர் வீடியோ எல்லாவற்றையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். கடை இறங்கி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

உங்கள் ஆம்பையும் யாராவது 'எர்த் சரி பண்ணி' கொடுத்திருந்தால், இன்று மைக் முன்னால் நிற்பதற்கு முன் பிளக்கை சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து, பச்சை ஒயர் பெரிய பின்னில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டி வார்த்த பிளக்காக இருந்து கழற்ற முடியாவிட்டால், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து எர்த் பின்னிலிருந்து ஆம்பின் சட்டம் வரை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கட்டாயம் பீப் வர வேண்டும்.