பெங்களூரில் பத்து சக்கர டிப்பர்: நாலு வருஷத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்

டிப்பர் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ். லோடோடு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர், காலியாகத் திரும்பினால் நாலு, நாலரை. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டால் அதுவும் இல்லை. அந்தப் பேச்சு இத்தோடு போதும். இந்த ஊரில் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் ஏற்றிப் பிழைப்பவனுக்குக் கையில் காசு நிற்குமா என்பதை முடிவு செய்வது, சட்டப்படி எத்தனை டன் ஏற்றலாம், எந்த நேரத்தில் ஊருக்குள் விடுவார்கள் என்ற இரண்டும்தான்.

என்னுடையது 2021-ல் எடுத்த பிஎஸ்6 வண்டி, அதாவது புகைக்கான புது விதிப்படி வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவதில் பெரும்பாலானது எல்லாக் கம்பெனி டிப்பருக்கும் பொருந்தும். ஓசூர், ஜிகணி, ஆனேக்கல் பக்கத்துக் கிரஷர்களில் ஏற்றி பொம்மனஹள்ளி, எச்எஸ்ஆர் லேஅவுட், சர்ஜாபூர் ரோடு பக்கம் இறக்குகிறோம். டிரைவர் தருமபுரிக்காரர், ஆரம்பத்திலிருந்து அவரேதான்.

எடைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸில் சுமை வரம்பை, அதாவது ஒவ்வொரு சக்கர அச்சும் தாங்கலாம் என்ற எடையை, உயர்த்தியது. பத்து சக்கர வண்டிக்கு மொத்த எடை 25 டன்னாக இருந்தது 28.5 டன் ஆனது; ஆறு சக்கரத்துக்கு 16.2 என்பது 18.5 ஆனது. என் வண்டியின் வெறும் எடையே 11 டன் பக்கம் வருகிறது. ஆக, ஏற்ற முடிந்தது பதினேழரை டன். ஒரு யூனிட் எம்-சாண்ட், அதாவது நூறு கன அடி, ஏறக்குறைய நாலரை டன். கழுவிய மணல் ஈரத்தோடு வந்தால் ஐந்தை நெருங்கும். கணக்குப் போட்டால் நாலு யூனிட் கூட முழுசாக வராது. ஆனால் 16 கன மீட்டர் பாடி ஐந்து யூனிட்டைத் தாராளமாகக் கொள்ளும், சைட்டில் மேஸ்திரி கேட்பதும் அதே ஐந்து யூனிட்தான்.

ஐந்து யூனிட் ஏற்றினால் ஐந்து டன் கூடுதல். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஐந்து டன்னுக்கு 30,000. கூடுதல் சரக்கை இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில். பழைய சட்டத்தில் இது 2,000-மும் டன்னுக்கு ஆயிரமும்தான். அந்தக் காலத்தில் அபராதத்தையும் வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. இப்போது ஒருமுறை மாட்டினால் அந்த மாதத் தவணை போயிற்று.

சிக்கல் என்னவென்றால், மார்க்கெட் வாடகை இன்னமும் ஓவர்லோடை வைத்தே நிற்கிறது. 'ஒரு லோடு இவ்வளவு' என்று பேசுகிற ஊரில், சரியான எடை ஏற்றுகிறவன் விலை கூட்டி விற்கிறவனாகத் தெரிகிறான். நான் லோடுக் கணக்கை விட்டுவிட்டு டன் கணக்குக்கு மாறினேன். எடைமேடைச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறக்குவோம். தெரிந்த வாடிக்கையாளர் சிலர் போனார்கள். தங்கியவர்கள் பெரும்பாலும் இன்ஜினியர்கள், கான்கிரீட் கலந்து அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளாண்டுக்காரர்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லேசான ஈரத்தில் மணல் உப்பும், கன அடியில் அளந்தால் அதற்கும் சேர்த்துப் பணம் தருவீர்கள். சொட்டச் சொட்ட நனைந்த மணலை டன்னில் வாங்கினால் தண்ணீருக்குப் பணம் தருவீர்கள். வடிந்த மணலை எடை போட்டு வாங்குவதே நல்லது.

எடையைக் குறைத்ததில் வண்டிக்குக் கிடைத்த பலன் கண்கூடு. பின் டயர்கள் கூடுதலாக ஓடுகின்றன, ஸ்பிரிங் பட்டை உடைந்து பட்டறையில் நிற்பது அநேகமாக இல்லை, கிளட்ச் இன்னும் முதல் செட்டே. ரோட்டுக்கும் இது பொருந்தும். ஆக்ஸில் சுமை கூடும்போது சாலையின் தேய்மானம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்பது 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டது. 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. இது தெரிந்த பிறகு ஓசூர் ரோட்டுப் பள்ளங்களைத் திட்டும்போது வாய் கொஞ்சம் தயங்குகிறது.

இனி நேரம். காலையும் மாலையும் நெரிசல் வேளையில் கனரக வண்டிக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. எந்த ரோட்டில் எத்தனை மணிக்கு என்பதை டிராஃபிக் போலீஸ் அவ்வப்போது மாற்றுவார்கள். விடியுமுன் ஏற்றிய வண்டி ஒரு ஜாமில் தாமதித்தால், அத்திப்பள்ளியிலோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கு முன்னாலோ ஓரம் கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். சரி, இரவில் இறக்கலாம் என்றால் தெருக்காரர்கள் நம்மை விடமாட்டார்கள். பாடியைத் தூக்கிக் கதவு அடிக்கிற சத்தத்துக்கு நாலு வீட்டு விளக்கு எரியும். வீட்டுக்கார அம்மா ஒருவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், "ஏம்பா, பகல்லயே கொண்டாந்தா என்ன?" என்று கேட்டார். "பகல்ல விட்டா நாங்க ஏம்மா ராத்திரி வர்றோம்" என்றார் டிரைவர். மறுநாள் காலைக்குள் மணலை உள்ளே அள்ளாவிட்டால், ரோட்டில் கொட்டியதற்கு வீட்டுக்காரருக்கு அபராதம் வரலாம்.

தடையை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் வேண்டாம் என்பது நியாயமே. ஆனால் கட்டுமானச் சரக்கு மற்றச் சரக்கு போல இல்லை. நைஸ் ரோடும், தொட்டபல்லாபுரம் - ஹொஸ்கோட்டை வழியாகப் போகும் சாட்டிலைட் டவுன் ரிங் ரோடும் ஊரைத் தாண்டிப் போகும் லாரிக்கு உதவும். எங்கள் சரக்கு போய்ச் சேர வேண்டிய இடமே ஊருக்குள் ஏதோ ஒரு கிராஸ் ரோடு. எந்தப் பகுதியில் எந்தப் பகல் நேரத்தில் இறக்கலாம் என்று ஓர் அட்டவணை கொடுத்து அதை வருஷம் முழுக்க மாற்றாமல் வைத்தாலே பாதித் தலைவலி போகும். ஒரு வழியை மூடினால் எங்களுக்குத் திறக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு, துமகூர் ரோட்டிலுள்ள பீன்யா மேம்பாலத்தைப் பாருங்கள்: 2021 டிசம்பரில் மூடினார்கள், காரணம் பாலத்துக்குள் இருந்த இழுவைக் கம்பிகள் பழுதானது. சின்ன வண்டிகளுக்குச் சில வாரங்களில் திறந்தார்கள். கனரக வண்டிகளை விட்டது 2024 ஜூலையில், அதுவும் வெள்ளிக்கிழமை நீங்கலாக.

இந்தக் காத்திருப்பும் ஊர்தலும் எஞ்சினுக்கும் ஆகாது. பிஎஸ்6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சைலன்சரில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் சூடேறித் தானாக எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்தால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். பிறகு நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு எரிக்க வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசலின் செலவு டீசலில் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கும். ஆனால் விலை மலிவு என்று ஊர்பேர் தெரியாத கேன் வாங்காதீர்கள், சென்சார் போனால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டு நடைவண்டியாகிவிடும்.

டீசல் விலை நம் கையில் இல்லை. 2025 ஏப்ரலில் கர்நாடக அரசு விற்பனை வரியைக் கூட்டி லிட்டருக்கு 2 ரூபாய் ஏறியபோது லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அதே மாதம் தமிழ்நாட்டில் கனிமம் எடுக்கும் நிலத்துக்கான வரி வந்து ஓசூர்ப் பக்கம் ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறியது. எல்லையைத் தாண்டி ஏற்றுகிறவர்கள் பர்மிட் சீட்டு, ஜிபிஎஸ், தார்ப்பாய் மூன்றிலும் அலட்சியம் காட்டக் கூடாது.

கேபினில் ஏசி இல்லை என்பது என் வண்டியின் பெரிய குறை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் அது கட்டாயம். சித்திரை வெயிலில் ஓரம் கட்டிக் காத்திருக்கும் டிரைவரைப் பார்த்தவர்களுக்கு அது ஆடம்பரமாகத் தோன்றாது.

ரெடிமிக்ஸ் பிளாண்ட், புது லேஅவுட், அபார்ட்மெண்ட் சைட் கையில் இருந்தால் பத்து சக்கரம் எடுக்கலாம். முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் வீடு கட்டுகிறவர்கள்தான் உங்கள் வாடிக்கை என்றால் ஆறு சக்கரம் போதும். பத்து சக்கரம் கிராஸ் ரோட்டில் திரும்பாது, பாடி தூக்கினால் கரண்ட் வயர் இடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதனால் பழைய வண்டி பார்க்கிறவர்கள் புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.