இசை வகுப்பறைக்கு எந்த ஒலிப்பதிவுக் கருவி பொருந்தும்?

ஒரு மாணவி மெல்லிய குரலில் தொடங்கி, எட்டு எண்ணிக்கைக்குள் படிப்படியாகக் குரலை உயர்த்திப் பாடுகிறாள். அதைக் கைபேசியில் பதிவு செய்து திரும்பக் கேட்டால், தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கின்றன. கைபேசி பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. சிறிய ஒலியைத் தானாகவே உயர்த்தி, பெரிய ஒலியைத் தானாகவே தாழ்த்துகிறது. புல்லாங்குழலின் நீண்ட கார்வையைக்கூட, அசையாமல் ஒரே சீராக ஒலிக்கும் காரணத்தால், மின்விசிறியின் இரைச்சலைப் போன்ற ஒன்றாகக் கருதி அடக்கிவிடும் கைபேசிகள் உண்டு. பாடியதை மாணவர் உடனே கேட்டுத் தம் குறையைத் தாமே கண்டுகொள்வதற்குத்தான் வகுப்பில் பதிவு செய்கிறோம் என்னும்போது, அவர் பாடாத ஒன்றைக் கேட்க வைப்பது பயிற்சியையே தவறான திசையில் கொண்டுபோய்விடும்.

தானியங்கி ஒலியளவை நிறுத்தி வைக்க வழிசெய்யும் பதிவுச் செயலிகள் இருக்கின்றன. அவற்றோடு, அழைப்புகள் குறுக்கிடாமல் விமானப் பயன்முறையும் இருந்தால், வீட்டில் தனியாகப் பயிற்சி செய்து பதிவை அனுப்புவதற்குக் கைபேசியே போதும். ஆனால் வகுப்பின் பொதுக் கருவியாக ஆசிரியரின் சொந்தக் கைபேசியை வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். குழந்தைகளின் குரல்கள் ஒரு தனிநபரின் கருவியில் சேர்ந்துகொண்டே போவது முறையன்று.

கையடக்க ரெக்கார்டர் இந்த வேலைக்கென்றே பிறந்தது. ஜூம் எச்1என், டாஸ்கம் டிஆர்-05எக்ஸ், டிஆர்-07எக்ஸ் போன்றவை உள்ளங்கையில் அடங்கும்; பேட்டரியில் ஓடும்; மெமரி கார்டில் நேரடியாகப் பதியும். சிவப்புப் பொத்தானை அழுத்தத் தெரிந்த எந்த மாணவரும் இதை இயக்கலாம். இவற்றுக்குள்ளும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எச்1என் கருவியில் இரண்டு மைக்குகள் 90 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்பதால், முன்னால் இருக்கும் குழுவின் இடம் வலம் தெளிவாகப் பிரிந்து கேட்கும். டிஆர்-05எக்ஸின் மைக்குகளோ எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்குபவை. மாணவர்கள் வட்டமாக அமர்ந்து பாடும்போது பின்னதும், எதிரொலி மிகுந்த அறையில் முன்னதும் நன்கு பயன்படும்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே நுட்பம் ஒலியளவை அமைப்பதுதான். மிக உரத்த பகுதியை முதலில் ஒருமுறை பாடச் சொல்லி, அளவுகாட்டியின் உச்சம் -12 டெசிபெல் அளவில் நிற்குமாறு வைக்க வேண்டும். அளவுகாட்டியின் மேல் எல்லையான 0-வைத் தொட்டால் ஒலி சிதைந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்வது கடினம். ரெக்கார்டரிலும் தானியங்கி ஒலியளவு என்னும் அமைப்பு இருக்கும் என்பதால், அதை நிறுத்திவிட்டுத் தொடங்குவது அவசியம். இல்லாவிட்டால் கைபேசியின் குறையே இங்கும் வரும். மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒருசேரத் தாங்கும் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதியும் ஜூம் எச்1எசென்ஷியல் போன்ற புதிய கருவிகளில் இந்த அளவு அமைக்கும் வேலையே இல்லை. டிரம்மும் தனிக்குரலும் அடுத்தடுத்து வரும் வகுப்புக்கு இது பெரிய ஆறுதல்.

சேமிப்பிடம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. குறுந்தட்டின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி எடுக்கும். 32 ஜிபி கார்டில் 50 மணி நேரம் அடங்கும். கருவியைக் கையில் பிடித்தபடி பதிவு செய்தால் விரல் உரசும் ஓசையும் பதிவாகிவிடும் என்பதே உண்மையான தொல்லை. ஆகவே, முக்காலியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

யுஎஸ்பி மைக் ஒற்றைக் குரலுக்கோ ஒற்றைக் கருவிக்கோ மிகத் தெளிவான ஒலி தரும். ஆனால் அது தனியாக இயங்காது; பெரும்பாலும் கணினியோடு இணைக்க வேண்டும். கணினி துவங்கி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் திறந்து, சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள், சற்றுமுன் நன்றாகப் பாடிய குழந்தைக்கு அந்த உற்சாகம் வடிந்திருக்கும். கணினியின் விசிறி ஓசையும் கூடவே பதிவாகும். ப்ளூ யெட்டி போன்ற மைக்குகள் பக்கவாட்டில் ஒலியை வாங்குபவை. அவற்றின் உச்சியை நோக்கிப் பாடினால் குரல் மங்கிப் போகும். இதை மாணவர்களுக்கு முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸும், நுண்ணொலியையும் வாங்கும் கண்டென்சர் மைக்கும் சேர்ந்த அமைப்பு ஒலித்தரத்தில் முதலிடம் பெறும். குரலையும் வயலினையும் தனித்தனித் தடங்களில் பதியவும் முடியும். அந்த மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம், அதை இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள், ஸ்டாண்ட், ஹெட்போன் என்று துணைப்பொருள்கள் நீளுவதால், நிலையாக வைக்க ஓர் அறையும், ஒலிப்பதிவையே பாடமாகக் கற்கும் மூத்த மாணவர்களும் இருக்கும் பள்ளிக்கே இது தகும்.

எதை வாங்கினாலும், வைக்கும் இடம் ஒலியை மாற்றும் அளவுக்குக் கருவியின் விலை மாற்றாது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள்ளோ சுவர்களின் எதிரொலி அப்படிக் குறையாமல் நிற்பதால், மைக்கை வகுப்பின் கடைசியில் வைத்தால் பாட்டைவிட அறையே அதிகம் கேட்கும். தனிக்குரலுக்கு ஒரு முழ தூரமும், சேர்ந்திசைக்கு முன்வரிசையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, தலைகளுக்குச் சற்று மேலான உயரமும் நல்ல தொடக்கம்.

ஒன்றே ஒன்றை வாங்க முடியுமென்றால் கையடக்க ரெக்கார்டரை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் விலை கூடிய மைக்கைத் தேடாமல், நல்ல ஒலிபெருக்கி ஒன்றையும் அதை இணைக்கும் கேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டரில் உள்ள பொட்டுப்போன்ற ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் கேட்பதேயில்லை; முப்பது பேர் அதைச் சுற்றிக் காதை வைத்துக் கேட்கவும் முடியாது.